இடது காது

மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது.
வீவகவுக்கு எழுதி மூன்று வாரம்.
வாளி வைக்க இடம் தேடி அலமாரியை நகர்த்தியபோது
சுருட்டிய தாளொன்று தோளில் விழுந்தது.

பிரித்தால், யவனக் குடம்.
இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்தைய பென்சில்.
ஓரத்தில் என் பெயர், தேவைக்கு மேல் பெரிதாக.

கடல் கடந்து சில மாதம் வந்துபோன கண்காட்சி.
எனக்கு வயது பத்தொன்பது.
மடக்கு நாற்காலிக்கு அனுமதியில்லை என்றார் காவலர்.
தரையில் அமர்ந்து வலப்பாதியை மட்டும் வரைந்தேன்,
பாதி வாய், பாதிக் கழுத்து,
ஒரு தோள், வயிற்றின் ஒரு சரிவு.
வீட்டுக்கு வந்து தாளை நடுவில் மடித்து
கரண்டியின் முதுகால் தேய்த்தேன்.
மறுபாதி தானாக வந்தது.
சமச்சீர் அன்றைக்கு அவ்வளவு மலிவு.

இன்று மேசை விளக்கடியில்
அந்த மடிப்புதான் முதலில் தெரிகிறது.
உண்மைக் குடம் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
சூளையில் பக்கத்துக் குடம் இடித்திருக்கலாம்.
பார்த்தேன், நினைவிருக்கிறது.
பார்த்தும் நிமிர்த்திவிட்டேன்.

தண்ணீருக்குப் போகும் பெண்களையும் விடவில்லை நான்.
முன்னால் போகிறவள் தலையில்
குடம் படுத்துக் கிடந்தது.
ஓவியன் பிழை என்று எழுப்பி நிறுத்தினேன்.
பகலெல்லாம் நான் குழாய் வரைகிறவள்,
நாற்பது மாடிக்கு நீர் ஏறும் வழியும்
கழிவாய் இறங்கும் வழியும்.
எனக்கே இன்றிரவுதான் எட்டுகிறது.
அவள் இன்னும் ஊற்றுக்குப் போய்ச் சேரவில்லை.
காலிக் குடம் எப்படிக் கிடந்தால் என்ன,
சிந்தப் போவதில்லை.

அழித்தேன். படுக்க வைத்தேன்.
தோளைச் சாய்த்தேன்.
உடைந்து போன துண்டுக்குப் பதில்
அருங்காட்சியகம் பூசியிருந்த வெற்றுச் சுண்ணத்தில்
நான் கற்பித்து வரைந்திருந்த முகத்தையும்
எடுத்துவிட்டேன். அழகான மூக்கு. போகட்டும்.

இடது காதில்தான் கை நின்றது.
மடித்துத் தேய்த்ததில் அங்கே மட்டும் கரி ஒட்டவில்லை.
அதனால் அது நேராகக் கையால் போட்டது.
ஒரே இழுப்பு. தொடக்கத்தில் தடித்து,
வளைவில் மூச்சு விட்டு,
களிமண்ணோடு களிமண் சேரும் இடத்தில்
கட்டைவிரல் அழுத்தம்கூடத் தெரிகிறது.
தாளில் உயிருள்ள கோடு அது ஒன்றுதான்.
அது என்னுடையதல்ல.

பெய் ஷான் போட்டது.
பிராஸ் பாசா காப்பிக் கடையில்
"கொடு இங்கே" என்று பென்சிலைப் பிடுங்கி,
காயா ரொட்டி தின்ற விரலோடு.
அன்றே முடிவு செய்தேன்,
வரைய அவள் போகட்டும், நான் குழாய்க்குப் போகிறேன் என்று.
வருத்தம் என்று சொல்ல முடியாது.
குழாய் சோறு போட்டது.

படமெடுத்துப் பெர்த்துக்கு அனுப்பினேன்.
ஆறேழு வருடமாக நாங்கள்
பிறந்தநாளுக்கு மட்டும் பேசிக்கொள்கிறவர்கள்.
உன் கோட்டைத் தொடாமல் விடுகிறேன், என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது.
"என் கோடா? இல்லை லா.
அந்தக் கண்காட்சிக்கு நான் வரவேயில்லை. டெங்கி.
தான் டொக் செங்கில் பத்து நாள் கிடந்தேனே, மறந்துவிட்டாயா?"
பிறகு இன்னொன்று:
"நல்ல கோடு. யார் போட்டது?"

காப்பிக் கடை, பிடுங்கிய கை,
விரலின் காயாப் பிசுபிசுப்பு,
எல்லாம் வெற்றுச் சுண்ணம்.
பூசியது எந்த வருடம், எதற்காக,
உட்கார்ந்து யோசித்தேன்.
அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.

பென்சிலைச் சீவி
வலது காதை அதே போலப் போட்டுப் பார்த்தேன்.
முதலாவது குழாய் வளைவு போல வந்தது,
தொண்ணூறு பாகை, சுத்தமாக.
இரண்டாவது, முதலாவதைப் பார்த்து வரைந்தது.
மூன்றாவதை அழித்ததில் தாள் மெலிந்து
எதிர் புளோக்கின் தாழ்வார விளக்கு
அந்த இடத்தில் மங்கலாய்த் தெரிந்தது.

இப்போதைக்கு ஒற்றைக் காது.

மணி இரண்டு. மேலே யாரோ
இந்நேரத்துக்குக் குளிக்கிறார்கள்.
எழுந்து போய் வாளியை
ஒரு சாண் தள்ளி வைத்தேன்.