பதினொன்றரை

பாலக்கோடு மண்டியில் மணி நாலே கால்.
சீட்டை மழை குடித்துவிட்டது.
பெயர்கள் மூன்றும் தெரிகின்றன,
எண்கள் இருந்த இடத்தில்
ஊதா நிறத்தில் ஒரு குட்டை.

மொத்தம் ஐம்பத்து மூன்று பெட்டி. அதில் சந்தேகமில்லை,
ஒவ்வொன்றாகத் தொட்டு இரண்டு முறை எண்ணினேன்.
மாதையன், முனியம்மா, அன்வர் பாட்சா.
யாருக்கு எத்தனை?
மூவருமே போனை எடுக்கவில்லை.
பெங்களூர் லாரிக்காரர் ஹாரனை விடவில்லை.

"யோசிச்சுச் சொல்லு" என்றேன் சம்பங்கியிடம்.
டெம்போ ஓட்டுகிறவன் மண்டையில் எண் தங்குவதில்லை,
வித்தியாசம்தான் தங்குகிறது.
"தம்பியைவிட அக்காளுக்கு ஏழு கூட.
அதுக்கே அந்தாளு மூஞ்சி சுருங்கிச்சு.
பாட்சாவுக்குத் தம்பியோடது போல ரெண்டு பங்கு.
சரியா ரெண்டு. அடுக்கும்போதே பாத்தேன்."

பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்.
தம்பி ஒரு பங்கு.
அக்காள் ஒரு பங்கும் ஏழும்.
பாட்சா இரண்டு.
ஏழைத் தள்ளினால் நாற்பத்தாறு, அது நாலு பங்கு.
வகுத்தேன்.
பதினொன்று போக இரண்டு மிச்சம்.

மறுபடி வகுத்தேன், கையெழுத்தை மாற்றினால்
விடையும் மாறிவிடும் என்பது போல.
பதினொன்றரை.

யாரோ பொய்:
நான், சம்பங்கி, அல்லது ஐம்பத்து மூன்று.
"பொய் சொல்ல எனக்கென்ன தனிக் கூலியா?"
பீடியைச் சக்கரத்தில் தேய்த்து அணைத்தான்.

பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பாட்சாவுக்கு இருபத்து மூன்று. முழுசு.
தம்பியிடம் ஓர் அரை.
அக்காளிடம் ஓர் அரை.
எந்த அரையும் தனியாக வண்டி ஏறாது.

அதெப்படி?
கிணற்று மோட்டார் யார் முறை என்று
மூன்று வருஷமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறவர்கள்.
ஒருவர் பணம் வாங்க வந்தால்
மற்றவர் டீக்கடையோடு திரும்பிவிடுவார்.

ஒவ்வொரு பெட்டியிலும் கையை விட்டுத் துழாவினேன்.
நாற்பத்தொன்றாவதில் காகிதம் தட்டியது.
கீழே உருண்டைத் தக்காளி, மேலே நீளக்காய்.
நடுவில் ஒரு செய்தித்தாள்,
நாலு மூலையும் மடித்துச் செருகி.
மேலிருந்து ஒரு பழம் கீழே இறங்கவில்லை.
தாளில் வரப்பு போட
அவர்களில் யாருக்குத் தோன்றியதோ.

"நான் போனப்பவே மூடித்தான் இருந்துச்சு"
என்றான் சம்பங்கி, நான் கேட்காமலே.

அன்றைய விலை பெட்டி நானூற்றுப் பத்து.
எங்கள் மண்டியில் அரை எழுதும் வழக்கமில்லை.
எழுதினேன்.
தம்பிக்கு நாலாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து,
அக்காளுக்கு ஏழாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து.
முதலாளி கேட்டால் மழை என்று சொல்லலாம்.

நடுத்தாளை எடுக்காமலே பெட்டியை ஏற்றிவிட்டேன்.
லாரி ஓசூர் பக்கம் திரும்பியபின்
கணக்கில் இன்னொன்று பாக்கி இருப்பது தெரிந்தது.
வாடகை பெட்டிக்கு இருபது ரூபாய்.
அந்த ஒரு பெட்டிக்கு யார் கொடுத்தது?

சம்பங்கி காதில் விழாதவன் போல
மழை விட்டுப்போன கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தான்.