பனிச்சாலை விதிகள்

கடல் உறைந்த ஆண்டுகளில்
எங்கள் தீவிலிருந்து கரைக்குக் காரில் போகலாம்.
வண்டிக்கும் வண்டிக்கும் இடையே இருநூற்றைம்பது மீட்டர்.
நடுவழியில் நிற்கக் கூடாது.
சீட் பெல்ட் போடக் கூடாது;
பனி வாய் பிளந்தால்
வெளியே குதிக்க ஒரு நொடிதான் கிடைக்கும்.

ஹியுமா தீவுப் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவள் நான், லேலோ.
தீவுக்காரர்கள் நாற்பத்து மூன்று பேர் பேசிக்கொள்ளும்
அலைபேசிக் குழுவின் சாவியும் என்னிடம்தான்.
வேறு யாரும் கேட்கவில்லை, அதனால் வந்தது.

டிசம்பரில் காற்றாலைப் பேச்சு எழுந்தது.
மேற்குக் கடலில் அறுபது தூண்கள் நடலாமா?
முதல் வாரம் கருத்துகள்.
இரண்டாம் வாரம் பழைய வேலித் தகராறு,
இருபது வருடம் முன்பு இரவல் போய்
திரும்பாத ஒரு படகு மோட்டார்,
யார் மகன் யார் காசில் படித்தான் என்பது.

அன்று விதி வைத்தேன்:
எழுதியது ஓர் இரவு என்னிடம் தங்கும்.
காலைப் படகு கிளம்புமுன் ஒருமுறை கேட்பேன்.
"சரி" என்றால் அனுப்புவேன்.

பாதிப் பேர் காலையில் சரி சொல்லவில்லை.

இரவு இரண்டே காலுக்கு உர்மஸ்:
"மெய்லிகாவுக்குக் கடலைப் பற்றி என்ன மண்ணாங்கட்டி தெரியும்?"
நீ கண்டதைச் சொல், என்றேன்.
மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, தோன்றின.
விடியலில் வந்தவை நோட்டுப் பக்கங்களின் படங்கள்.
பதினோரு வசந்தங்கள், பென்சிலில்,
தன் படகைக் கடந்த ஐடர் வாத்துகளை எண்ணியிருக்கிறான்.
ஈரத்தில் ஊறிய எண்கள்.
ஓர் ஆண்டின் பக்கம் மட்டும் காலி.
அந்த ஆண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மெய்லிகா காற்றாலைக் கட்சிதான், இன்றும்.
அவள் எழுதியது ஒரே வரி:
"ஏப்ரலில் அவை எந்தப் பக்கமாகப் பறக்கும்?"

நான்கு மணி நேரம் குழுவில் சத்தமே இல்லை.
முதன்முதலாக எல்லோரும் யோசித்தது
அப்போதுதான் என்று நினைக்கிறேன்.
எல்லோரும் விறகு வெட்டப் போயிருக்கவும் கூடும்.

என் கணக்கில் ஒரு பிழை உண்டு.
ஐனி ஆறு சொற்களில் ஒரு கேலி எழுதினாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, நிறுத்தி வைத்தேன்.
காலையில் கேட்டபோது "விடு" என்றாள்.
பிறகு எழுதவே இல்லை.
படகுக்கு வருகிறாள், சில்லறை சரியாகத் தருகிறாள்,
கண்ணாடிக்குப் பின்னால் நான் வாய் திறக்குமுன்
நகர்ந்துவிடுகிறாள்.
எது புயல், எது வெறும் மூச்சு
என்று கதவுக்குத் தெரியுமா?

திங்கட்கிழமை வாக்கெடுப்பு.
எப்படி முடியும், தெரியாது.
இந்தக் குளிர்காலமும் கடல் உறையவில்லை.
ஆனாலும் இரவில்
செய்திகள் என் கையில் வரிசை கட்டும்போது
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே
தூரம் பார்த்துக்கொள்கிறேன்.

வரிசையின் கடைசியில் இன்று என்னுடையது ஒன்று.
"ஐனி, அந்தக் கேலியை இன்னொரு முறை சொல்."
விதி விதிதான்.
அதுவும் காலை வரை காத்திருக்கிறது.