கேள்வி எண் முப்பத்தேழு

தேவகோட்டை பஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் வேலை.
மை மங்கி, கோணலாய் விழுந்த தாள்களை
எடைக்குப் போடச் சொல்வார் முதலாளி.
பாதி போடுவேன்.

ஜூன் மாதம் பேங்க் மேனேஜர் வீட்டம்மா
நுழைவுத் தேர்வு கைடைக் கொண்டுவந்து
ஒரு காப்பி கேட்டார்.
இரண்டு எடுத்தேன்.
இரண்டாவது, வீணான தாள்களின் முதுகில்.

அதனால் பிரிட்டோவுக்கு
ஒரு பக்கம் நவுன், ப்ரோநவுன், வெர்ப்.
திருப்பினால் யாருடைய வில்லங்கச் சான்றோ,
எட்டுக்கட்டு வீடு ஒன்றுக்கு
நாற்பத்திரண்டு வாரிசுகள் போட்ட கையெழுத்தோ.
பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் என்றால்
பேச்சின் பாகங்கள் என்றான்.
பேச்சிலுமா பாகம் பிரிக்கிறார்கள்,
கோர்ட்டுக்குப் போகாமல்?

இரவில் வெங்காயம் உரித்தபடி
விடைப்பக்கத்தை மடியில் வைத்துக்கொள்வேன்.
எனக்கு ஏபிசிடியோடு சரி.
அதிலும் முதல் நாலெழுத்து போதும் இதற்கு.
"முப்பத்தஞ்சு?"
"பி."
"முப்பத்தாறு?"
"சி."
"முப்பத்தேழு?"
"ஏ."
"தப்பு. டி போட்டிருக்கு."

பேசாமல் தாளைப் பார்த்தான்.
"புக்குதாம்மா தப்பு.
தி வெல் இஸ் ட்ரை.
கிணறு வத்திக் கெடக்கு. கிணறு பேருதானே?
நல்லாப் பாடுறான்னு சொன்னா அதுவும் வெல்தான்,
அப்ப அட்வெர்ப்.
கண்ணுல தண்ணி ஊறுனாலும் வெல்,
அப்ப வெர்ப்.
ஒண்ணுமே சொல்லத் தோணலேன்னா
மொதல்ல வெல்னு போட்டு ஒரு கமா."

"அம்புட்டு வேலையும் ஒரு வார்த்தைக்கா?"
"எங்க ஒக்காருதோ அந்த வேலை."

வெல்.
எட்டாம் வகுப்போடு நின்ற என் தமிழில்
அது ஒரே வேலைதான் பார்க்கும்.
செல், சொல், வெல்.
எதிரில் நிற்பவனைப் பார்த்து ஏவுவது.
அவனிடம் சொன்னேன்.
"இங்கிலீஷ்ல அது கெடையாதும்மா"
என்று முப்பத்தெட்டுக்குப் போய்விட்டான்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது
மேனேஜர் வீட்டம்மா திரும்ப வந்தார்.
"விடைப்பக்கம் மட்டும் இருபது காப்பி.
மகளோட டியூஷன்ல எல்லாப் பிள்ளைக்கும்."

இருபது பிள்ளைகள்.
ஒரு மார்க்கில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று
பிரிட்டோ சொல்லியிருக்கிறான்.
கண்ணாடியில் தாளைக் கவிழ்த்து
மூடியை இறக்கினேன்.
பொத்தானில் விரல் இருந்தது.
பின்னால் ராமநாதபுரம் வண்டி ஹாரன் அடித்தது,
யாரோ ஆதார் அட்டையை நீட்டினார்கள்.

மூடியைத் தூக்கினேன்.
முப்பத்தேழில்
டி-யின் மேல் வெள்ளை மை தொட்டு,
ஊதி,
காய்ந்ததும் ஏ எழுதினேன்.

"என்ன அது?"
"கறைம்மா. காப்பியில விழும்."

பச்சை வெளிச்சம்
இருபது முறை போய் வந்தது.
நாற்பது ரூபாய் என்றேன்.
சில்லறை இல்லை என்றார்.