தெளிவாய்க் கேள்

பத்தொன்பது கம்பெனிகளிடம் கேட்டோம்.
யாருக்கும் கேட்கவில்லை.
மத்தி மீன் டப்பா முதலாளி மட்டும்
படகின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"மற்றவர்களெல்லாம் எங்கே?" என்றார்.
மற்றவர்கள் இல்லை ஐயா. நானும் ரிவாலும்தான்.
ஒருவர் விழித்திருக்க ஒருவர் தூங்குவோம்.
ஆறு இரவு,
அயர்லாந்துப் பாறையைச் சுற்றிக்கொண்டு திரும்புவோம்.
"ஆள் வைக்கக் காசில்லையா?" என்றார் பரிவோடு.
இரண்டு டப்பா கொடுத்தனுப்பினார்.

இருபதாவது ஆள் கெரோதி.
கெம்பேரில் காதுக்கருவிக் கடை, மூன்று கிளை,
நீச்சல் தெரியாது.
கடலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல்
பாய் எத்தனை சதுர மீட்டர் என்றார்.
சொன்னேன்.
பேருந்து நிறுத்தத்து விளம்பரப் பலகையின் வாடகையோடு
தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.
கடையின் பெயரே படகுக்கும்.

நேற்றுவரை 'கடற்காக்கை'யாய் இருந்தவள்
'தெளிவாய்க் கேள்' ஆனாள்.
கொங்கார்னோ துறைமுகத்தில்
வானொலிக்கு உட்கார்ந்திருக்கும் பையனுக்குக் கொண்டாட்டம்.
"தெளிவாய்க் கேள், தெளிவாய்க் கேள்,
கேட்கிறதா?"
ஒவ்வொரு முறையும். கொட்டும் மழையிலும்.

மே மாதம் முழுக்கச் சமையலறைத் தராசு.
உலர்ந்த சோறு இருபத்துநான்கு பொட்டலம்.
ரிவாலின் இரண்டாவது கால்சட்டை கரையில் நின்றது.
நான் நாவலில் படித்து முடித்த பாதியைக் கிழித்தேன்.
இரவில் கூடத்துத் தரையில் தூக்கம் பழகினேன்:
இருபது நிமிடம் படு,
எழுந்து நான்கு திசையும் பார்
(குளிர்பெட்டி, கதவு, சன்னல், பூனை),
மறுபடி இருபது.
கைக்கடிகாரம் கீச்சிட்டு எழுப்பும்.
சில நாள் எழுப்பியது.
சில நாள் விடிந்திருந்தது.

க்ளெனான் தீவுகளுக்கு வெளியே
என் முறைக்கு நான் எழவில்லை.
ரிவால் கூப்பிட்டானாம். முன்தளத்தில்
பாயோடு மல்லுக்கு நின்றவனுக்கு
ஒரு மீன்பிடிக் கப்பலின் பச்சையும் சிவப்பும்
ஒன்றாகத் தெரிந்தன. ஒன்றாகத் தெரிந்தால்
அது நம்மை நோக்கித்தான் வருகிறது.
எப்படியோ திருப்பினான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை, காபி போட்டான்.
திட்டியிருக்கலாம்.

ஜூன் ஞாயிறு, படகுத்துறையில் கெரோதியின் கூடாரம்.
குழந்தைகளுக்கு ஒட்டுப்படம்,
பெரியவர்களுக்கு இலவசச் செவிச் சோதனை.
செய்தித்தாள்காரருக்கு நான் ஒலிவாங்கி மாட்டி உட்காரவேண்டும்.
"படத்துக்குத்தான், சும்மா பொத்தானை அழுத்துங்கள்."
சும்மா அழுத்த வரவில்லை எனக்கு.
கேட்டபோது அழுத்தினேன்.
பிறகு கேட்கவில்லை.
படம் எடுத்தவர் போய்விட்டார்.
கெரோதி குனிந்து, "இன்னொரு முறை" என்றார்.

இடது காது. மேல் சுரங்கள் இல்லை.
படகுப் பட்டறையில் பதினோரு வருடம்
தேய்ப்பு எந்திரம் பிடித்த கூலி.
கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.
கருவியருகே வைத்துப் பார்த்தார்: அதே சுரம்.
"எந்தப் பக்கம் படுப்பீர்கள்?"
காற்றைப் பொறுத்தது என்றேன். சொல்லும்போதே புரிந்தது.
அன்று வலது காது தலையணையில்.

"செய்தியாகப் போடுங்கள்" என்றேன்,
"மூன்று கிளையிலும் கூட்டம் நிற்கும்."
கெரோதி அட்டையை நாலாய் மடித்து
என் கையிலேயே வைத்தார்.

ரிவாலிடம் சொல்ல மூன்று நாள் பிடித்தது.
அதற்குள் கெரோதி ஒரு பெட்டி செய்து வந்தார்,
எருமை முக்குவதுபோல் ஒலிக்கும், படுக்கைப் பலகையே அதிரும்.
நூற்று நாற்பது கிராம்.
ரிவால் தராசைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
தன் சாக்லேட்டை எடுத்து வெளியே வைத்தான்.

பந்தய நாள். அறுபது படகு, சாம்பல் கடல்,
துறைமுகத்துப் பையனுக்கு விளையாட நேரமில்லை.
"நூற்றுப் பதினேழு" என்றான், வெறும் எண்ணாக,
"நூற்றுப் பதினேழு, பதில் சொல்."

ஒலிபெருக்கியை வலது காதருகே இழுத்துக்கொண்டு
சொன்னேன்:
பெயரைச் சொல்லிக் கூப்பிடு, தம்பி.