மூன்றாம் படி

உங்கள் ஏணி இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது, யோக்கிம் அண்ணன்.
கிணற்றுப் பக்கச் சுவரில் சாய்ந்தபடி,
மழைக்கு ஒரு கால் கறுத்துப்போய்.
ஓடு மாற்றவென்று மாசிமாதம் வாங்கினேன்.
மாற்றி முடிந்தது.
"நாளைக்குக் கொண்டுவாறன்" என்றேன்.
"நிண்டால் நிக்கட்டும், அது என்ன சோறா கேக்குது" என்றீர்கள்.
நாளை என்பதை நாங்கள் இருவரும்
அவ்வளவு மலிவாக வைத்திருந்தோம்.

இப்போது யாரிடம் கொடுப்பது?
உங்கள் படலையில் பூட்டு. திறப்பு டொரொண்டோவில்.
எட்டுச் செலவு முடிந்த மறுநாளே மகள் போய்விட்டாள்,
பிழை சொல்ல முடியாது, லீவு அவ்வளவுதான்.
போகும்போது என் மனைவியிடம்
ஒரு பை நிறைய மருந்து கொடுத்தாள்:
"ஆருக்கும் உதவும், அன்ரி."
பைக்குள் உங்கள் மூக்குக்கண்ணாடியும் கிடந்தது.
யாருக்கும் உதவாது.
வைத்திருக்கிறோம்.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள்.
'பரோபகாரி' என்று தொடங்கினேன்; வெட்டினேன்.
அந்தச் சொல் சாரம் கட்டிப் பழகியதில்லை.
நீங்களோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
விடியப்புறம் நாலு மணிக்கு,
குழாய் இருமத் தொடங்கியதும்
வேலிக்கு மேலால் என் பெயரைக் கத்துபவர்:
"டேய் குகநேசா, எழும்பு, தண்ணி வருகுது!"
நான் எழும்பாத நாட்களிலும்
எங்கள் பீப்பா நிரம்பியிருக்கும்.
எப்படி என்று கேட்டதில்லை.
தகரவேலியில் ஹோஸ் நுழையுமளவு ஒரு ஓட்டை இருந்தது,
அதை அடைக்கவேண்டும் என்று
இரண்டு பேருமே சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போதும் நாலு மணிக்கு முழிப்பு வருகிறது.
குழாய் இருமுகிறது.
ஒருவரும் கத்தாததால்
கொஞ்சநேரம் படுத்தே கிடக்கிறேன்.
பீப்பாவில் பாதிதான்.

மலரில் மான்களைப் பற்றி எழுதினேன்.
மரக்கறித் தோலைப் பையில் கட்டிச்
சைக்கிளில் கொழுவிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போவதை;
ஷொப்பிங் பையைச் சப்பிய குட்டியை
பள்ளிக்கு ஒளித்த பிள்ளையை ஏசுவதுபோல் ஏசி
வாய்க்குள் கைவிட்டு இழுத்தெடுத்ததை.
திருகோணமலையில் பாதிப்பேர் அதைப் பார்த்திருப்பார்கள்.
வாசித்துவிட்டு ஃபாதர் சிரித்தார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
நெடுநேரம்.

ஏணியைப் பற்றி எழுதவில்லை.

திருக்கடலூருக்குள் கடல் ஏறிவந்த அந்தக் காலை
அதை மூலைவீட்டுக் கொங்கிறீட் தட்டில் சாத்தி
நெஞ்சுமட்டத் தண்ணீரில் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.
பதினொரு பேர் ஏறினோம்.
றஹீமா டீச்சரின் ஆட்டையும் தோளில் போட்டு ஏற்றினீர்கள்.
எல்லோருக்கும் ஒரே வசனம், ஆட்டுக்குக்கூட:
"மூண்டாம் படி கவனம், ஆணி கழண்டது."
பின்னர் எத்தனை வருஷம் கழித்து யார் கேட்டாலும்
அந்த ஆடு உங்கள் தலையில் மூத்திரம் பெய்த கதையைத்தான் சொல்வீர்கள்.
மிச்சத்தைக் கேட்டால்
தேத்தண்ணி குடிக்கிறியா என்பீர்கள்.

அந்த ஆணியை நீங்கள் கடைசிவரை அடிக்கவில்லை.
நேற்று நான் சுத்தியலோடு போனேன்.
படியைத் தொட்டேன், ஆடியது.
சுத்தியலை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக்
கை கழுவினேன், ஏனென்று தெரியவில்லை.

இன்று பின்னேரம் ஒரு பொடியன் வந்தான்,
ஒழுங்கைக் கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவன்.
டிஷ் அன்டெனாவைத் திருப்பவேண்டுமாம்.
"யோக்கிம் ஐயாட ஏணி உங்களிட்டயாம்."
உங்களை அவன் கண்டதே இல்லை.

தூக்கித் தோளில் வைத்துவிட்டேன்.
அவன் படலை தாண்டும்போது
என் வாய் தானாகத் திறந்தது:
"தம்பி, மூண்டாம் படி..."

"தெரியும் அங்கிள்" என்றான், திரும்பாமலே.
"வாற வழியில எல்லாரும் சொல்லிட்டாங்க."