முழு இழப்பு

முழு இழப்பு என்று எழுதியவன் நான்தான்.
வெள்ளம் வடிந்த பத்தாம் நாள்
கடலூர் முதுநகர் மீன் இறங்குதளத்தின் பின்னால்
மூக்கில்லாத அந்த நாலுசக்கர இழுவை டிரக்
அச்சுவரை சேற்றில் உட்கார்ந்திருந்தது.
படகு இழுத்தே காலம் தள்ளிய வண்டி.
தென்னார்க்காடு காலத்து நம்பர் பிளேட்.
கதவைத் திறந்தேன்,
கைப்பிடி கையோடு வந்தது.
கதவுக்குள்ளிருந்து ஒரு படி மணலும்
இரண்டு நண்டும்.
மதிப்பீட்டாளர் கையொப்பம் என்ற இடத்தில்
பெயரைப் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

முகப்பு விளக்குகள் என்னையே பார்த்தன
என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
விளக்கே இல்லை. இரண்டு ஓட்டைகள்தான்.
ஆனால் முன் அச்சுக்கும் ஒரு தண்டு போனது.
குனிந்து அதைப் பார்த்ததுதான் தப்பு.

பழைய இரும்பு விலைக்கு, கிலோ கணக்கில் வாங்கினேன்.
ஆபீசில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில்
எழிலி பேரில்.

செம்மண்டலம், சபரிமுத்து பட்டறை.
சேசிஸ் நெடுக சுத்தியலால் தட்டிப் போனான்.
டங் என்றால் இரும்பு.
தொப் என்றால் துரு.
தொப், தொப், டங்,
தொப்.
உப்பங்காற்று உள்ளிருந்தே தின்றிருந்தது,
பெயின்ட் மட்டும்
மரியாதைக்கு நின்றுகொண்டிருந்தது.

அப்புறம் அந்த ஒரு போல்ட்.
டீசல் ஊற்றி ஒரு ராத்திரி,
மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரம்,
கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி
ஸ்பேனரில் மூன்றடிக் குழாய் செருகி
நானும் சபரிமுத்துவும் தொங்கினோம்.
தெரிந்த கெட்ட வார்த்தைகள் தீர்ந்துபோயின.
சாப்பாடு கொண்டுவந்த எழிலி
"இறுக்குற பக்கமா ஒருதரம் திருப்பிப் பாருங்களேன்" என்றாள்.
கிறீச்.
வந்தது.

ஒன்றரை வருஷம்.
பகலில் அடுத்தவர் கார்களுக்கு
அதே இரண்டு சொல்லை எழுதினேன்,
ராத்திரியில் நகக்கண்ணில் கிரீஸ்.
புதுப்பேட்டையில் தஸ்தகீர் கடையில் கிடைத்த
டிரான்ஸ்ஃபர் கேஸை
கைக்குழந்தைபோல மடியில் வைத்து
ஜன்னலோர சீட்டில் வந்தேன். கண்டக்டர்
அதற்கும் அரை டிக்கெட் கிழித்தார்.
பின் டிஃபரென்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டினோம்,
ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினாலும்
மற்றது சும்மா இருக்கக்கூடாது.
ரோட்டில் திரும்பும்போது டயர் அழும்.
அழட்டும்.

திருவக்கரைப் பக்கம் கைவிட்ட கல்குவாரி.
பத்துக்கண்ணு தாண்டும்வரை பின்னால் ஹார்ன் அடித்த
பாண்டிச்சேரி பஸ்காரர் ஓய்ந்துபோனார்.
டயர் காற்றைப் பன்னிரண்டுக்கு இறக்கினோம்,
தொப்பை சரிந்த டயர்தான் கல்லைக் கவ்வும்.
ஸ்டியரிங்கில் எழிலி.
ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ
அவர்தான் ஓட்டுவது என்று
போன வாரமே முடிவாகிவிட்டது,
என்னைக் கேட்காமல்.
நான் எதிரே பாறைமேல்,
கை காட்டுகிறவன்.

இடது. இன்னும் இடது. நேர்.
லோவில் முதல் கியர்.
ஒரு எறும்பு எங்களை முந்திப் போனது, சத்தியமாக.
வலது முன்சக்கரம் கல்லை முகர்ந்து பார்த்து
மெல்ல நெஞ்சு நிமிர்த்த
இடது பின்சக்கரம் ஆகாயத்தில்.
சேசிஸ் முறுகியது.
நாங்கள் வைத்த ஒட்டுகள் ஒவ்வொன்றாய் வாய் திறந்து
முனகின.
அடியில் எங்கோ கல்லில் இரும்பு உரசி
தீப்பொறி.

இரண்டு கையையும் தூக்கினேன்: நிறுத்து.
என் பிழைப்பு அது,
சேதத்தைத் தூரத்திலேயே பார்ப்பது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
கல்லைப் பார்த்தாள்.
அரையடி பின்னால் விட்டாள்.
ஸ்டியரிங்கை நாலு விரற்கடை ஒடித்தாள்.
மறுபடி.

நீளம் பதினொரு அடி இருக்கும் அந்தப் பாறை.
நாற்பது நிமிஷம்.

மேலே போய் எஞ்சினை அணைத்ததும்
இப்படி ஒரு அமைதி.
இறங்கக் கதவைத் திறந்தாள்,
கைப்பிடி கையோடு வந்தது.
புதுக் கைப்பிடி. நான் மாட்டியது.
"இந்தாங்க, எழுதிக்குங்க" என்று
என் பக்கம் விட்டெறிந்தாள்.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
இன்னும் இறங்க வேண்டியிருந்தது.