பானைக்குள் ஆச்சரியக்குறி

நகத்தளவு கறுப்பு டேப்.
ஸ்பீடோமீட்டர் கண்ணாடியின் இடது மூலையில்
அதை ஏதோ கறை என்றுதான்
நான்கு மாதம் நினைத்திருந்தேன்.

வெள்ளவத்தையில் மழை பிடித்து
காலி வீதி முழுக்க நகராமல் நின்ற வியாழக்கிழமை,
சும்மா கிடந்த விரல் சுரண்ட
டேப் உரிந்தது.
பின்னால் மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது
வாய் திறந்த பானை ஒன்று.
பானைக்குள் ஓர் ஆச்சரியக்குறி.

நான்கு மாதமும் எரிந்திருக்கிறது.
மகனை நீச்சலுக்குக் கொண்டுபோன சனிகளில்,
அதிவேகப் பாதையில் நூறைத் தொட்டு
நான் தனியாகச் சிரித்த அன்று,
மெல்பேர்ன் போகுமுன் தவநேசன்
"ஒரு சத்தமும் இல்லாத வாகனம்" என்று
சாவியை என் கையில் வைத்த அந்த நிமிடத்திலும்.
பொய் சொல்லவில்லை அந்த மனிதர்.
சத்தம் இல்லைதான்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார்
பல்லிடுக்கில் ஒரு வால்வு மூடியோடு
கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
"ஸ்டார்ட் பண்ணிட்டு எண்ணுங்க மிஸ்."
மினுங்கியது, மினுங்கியது,
எழுபதுவரை எண்ணினேன்.
பிறகு அசையாமல் எரிந்தது.

"காத்துக் கொறஞ்சா எடுத்த ஒடனே நிண்டு எரியும்.
இது மினுங்கிட்டு நிக்குது.
காத்து நல்லமா கூடாதா, அது வேற கேள்வி.
சொல்ற ஆள் மௌத்து."

கேஜ் வைத்துப் பார்த்தார்.
முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
பின் இடதில் இருபத்துநான்கு.
அந்தச் சில்லில்தான் ஆள் மௌத்து.

டயரை ரிம்மிலிருந்து பிரித்தபோது
பெருவிரல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி,
வால்வின் அடியைப் பிடித்தபடி,
யாரோ எப்போதோ பஞ்சருக்கு ஊற்றிய திரவம் காய்ந்து
மூக்கை அடைத்த நிலையில்.
தண்டில் கடற்காற்றின் வெள்ளை.
"பெட்டரிய மட்டும் மாத்தேலாதா?"
"பிசின் ஊத்தி அடச்சது மிஸ். ஒடச்சா ரெண்டும் இல்ல."
ஒன்பது வருடம்
இருட்டில் சுற்றிச் சுற்றி ஒரே எண்ணை அனுப்பியிருக்கிறது,
வாகனம் நின்றால் உறங்கி
சில்லு உருண்டால் விழித்து.

மலிவாய் ஒன்று இருந்தது.
நிஸ்தார் அதை மேசையில் தள்ளி வைத்தார்.
"இது பேசுறது நானூத்தி முப்பத்திமூணுல.
ஒங்கட கார் ஜப்பான் கார், முன்னூத்திப் பதினஞ்சுல கேக்கும்.
ஒரு முழம் தள்ளி இருந்து கத்தினாலும் வெளங்காது."

புதுக்கடை நீதிமன்றில்
சாட்சிக்கும் நீதவானுக்கும் நடுவில் நிற்பது என் தொழில்.
அதற்கு மேல் அவர் விளக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

சரியான ஒன்றைப் பூட்டி, கருவியை வால்வருகே பிடித்து
அதன் பெயரை வாகனத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்.
பித்தளை மூடியைக் கழற்றி எறிந்தார்.
பிளாஸ்டிக் போதுமாம்,
கடலோரத்தில் உலோகம் உலோகத்தைக் கடித்துக்கொண்டு விடாதாம்.
"காலைல ஓட முந்திப் பாருங்க.
ஓடிச் சூடான டயர் கூட்டித்தான் சொல்லும்."

மற்ற மூன்றும் அதே வருடத்துப் பிறப்பு.
மாற்றச் சொன்னார்.
சம்பளத்துக்கு இன்னும் பதினொரு நாள்.
கேஜ் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறுகளில்
மெரின் டிரைவில் ரயில் போகும் சத்தத்தோடு
நைட்டியில் குனிந்து நான்கு சில்லையும் கேட்கிறேன்.
டிக்கியில் படுத்திருக்கும் ஐந்தாவதையும்.
அதை யாரும் எப்போதும் கேட்டதில்லை போல,
பதினாறு என்றது.

திங்கள் காலை சாவியைத் திருப்புகிறேன்.
பானை எரிகிறது. மூன்று விநாடி.
எரியத் தெரியும் என்று காட்டிவிட்டு
அணைகிறது.
அணையும்வரை கியரில் கை வைப்பதில்லை.

டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது,
சன்ஷேடின் உள்பக்கத்தில் ஒட்டி.
பசை காயவில்லை.